எல்லை தாண்டும் துப்பாக்கி, எல்லைக்குள் நிற்கும் சட்டம்: அமெரிக்காவின் அனுமதிப்பத்திரச் சர்ச்சை

2013 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வசித்த ஒரு கறுப்பினத் தாய், அருகிலுள்ள நியூ ஜேர்சி மாநிலத்துக்குள் காரில் சென்றார். வீதிப் போக்குவரத்துப் பொலிஸார் அவரை மறித்தனர். தன்னிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது, அதற்கு அனுமதிப்பத்திரமும் இருக்கிறது என்று அவராகவே பொலிஸாரிடம் கூறினார். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துவந்த அவர், முன்னர் இரு தடவை கொள்ளையர்களிடம் அகப்பட்டவர். அதன் பின்னரே துப்பாக்கி வாங்கி, பென்சில்வேனியா மாநிலத்தில் முறைப்படி அனுமதி பெற்றிருந்தார்.

ஆனால், நியூ ஜேர்சி அந்த அனுமதிப்பத்திரத்தை ஏற்பதில்லை. அவர் கைது செய்யப்பட்டார். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். குற்றவாளியாகக் காணப்பட்டால் குறைந்தது மூன்றரை ஆண்டுகள் சிறை என்ற நிலை இருந்தது. 2015 இல் அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி பொதுமன்னிப்பு வழங்கிய பின்னரே விடயம் முடிவுக்கு வந்தது.

ஒரு மாநிலத்தில் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவர் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் குற்றவாளி ஆகிவிடுகிறார். இதை மாற்றவேண்டும் என்று கூறும் சட்டமூலம் ஒன்று பல ஆண்டுகளாக அமெரிக்கக் கொங்கிரஸின் முன் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மாநிலம் வழங்கிய, துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியை ஏனைய மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்பதே அதன் சாரம். வட கரோலினாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் முன்வைத்த இந்தச் சட்டமூலம் 2017 டிசம்பர் 6 ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் 231 க்கு 198 என்ற வாக்குகளால் நிறைவேறியது. செனட் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2025 ஜனவரியில் ஹட்சன் அதை மீண்டும் சமர்ப்பித்தார். மார்ச் மாதம் சபையின் நீதித்துறைக் குழு 18 க்கு 9 என்ற வாக்குகளால் அதற்கு ஒப்புதல் வழங்கியது. இப்படியொரு சட்டம் தனது மேசைக்கு வந்தால் கையெழுத்திடுவதாக டொனால்ட் ட்ரம்ப் தேர்தல் காலத்திலேயே வாக்களித்திருந்தார்.

அமெரிக்கர்களின் துப்பாக்கி மோகம் எமக்குப் பழைய செய்தி. இந்தச் சட்டமூலத்தை அந்த மோகத்தின் இன்னொரு அத்தியாயமாக மட்டும் பார்த்தால் அதன் மையத்தைத் தவறவிடுவோம். ஒரு பிரதேசத்தில் வாழும் மக்கள் தமது பாதுகாப்புக்கென ஆக்கிக்கொண்ட சட்டத்தை, வெளியிலிருந்து வருபவர் தனது ஊரின் சட்டத்தைச் சட்டைப் பையில் கொண்டுவந்து செல்லுபடியற்றதாக்கலாமா என்பதே இங்குள்ள கேள்வி. அதிகாரப் பகிர்வைப் பற்றி ஏழு தசாப்தங்களுக்கு மேலாகப் பேசிவரும் எம்மைப் போன்ற ஒரு சமூகம் இந்த விவாதத்தைக் கவனிக்கவேண்டிய காரணமும் அதுவே.

ஐம்பது மாநிலங்கள், ஐம்பது விதிகள்

துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதற்கான விதிகளை அமெரிக்காவில் பெருமளவுக்கு மாநிலங்களே தீர்மானிக்கின்றன. யார் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்பதற்கு மட்டும் மத்திய சட்டம் சில அடிப்படைத் தடைகளை விதிக்கிறது. பாரதூரமான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் போன்றோர் அதில் அடங்குவர். அதற்கு அப்பால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறுபடுகிறது.

வெர்மொன்ட் மாநிலம் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிப்பத்திரம் என்ற ஒன்றை ஒருபோதும் கேட்டதில்லை. 2003 இல் அலாஸ்காவும் 2010 இல் அரிசோனாவும் அந்தப் பாதையில் சென்றன. 2024 இல் லூசியானாவும் தென் கரோலினாவும் இணைந்தபோது, அனுமதிப்பத்திரம் இன்றியே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. பயிற்சியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. தென் கரோலினாவில் 18 வயது நிரம்பியிருந்தால் போதும்.

மறுமுனையில் நியூயோர்க் இருக்கிறது. 1911 முதல் அங்கு கைத்துப்பாக்கிக்கு உரிமம் தேவை. பொது இடத்தில் எடுத்துச் செல்ல விரும்புபவர் தனக்கு விசேடமான தேவை இருப்பதை நிரூபிக்கவேண்டியிருந்தது. 2022 ஜூன் 23 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையால் அந்த நிபந்தனையை நீக்கியது. வீட்டுக்கு வெளியிலும் தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியலமைப்பு உரிமை என்று நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு கூறியது. நியூயோர்க் ஒரு சில நாட்களில் புதிய சட்டம் கொண்டுவந்தது. 16 மணிநேர வகுப்பு, 2 மணிநேரச் சுடும் பயிற்சி, நன்னடத்தைச் சான்று ஆகியன கட்டாயமாகின. சுரங்க ரயில், டைம்ஸ் சதுக்கம் போன்ற இடங்களில் துப்பாக்கி தடை செய்யப்பட்டது. வேறு எந்த மாநிலத்தின் அனுமதியையும் நியூயோர்க் ஏற்பதில்லை. கலிபோர்னியா, இலினோய் போன்றவையும் அவ்வாறே.

இந்த இரு முனைகளுக்கும் இடையில் உள்ள மாநிலங்கள் தமக்குள் உடன்பாடுகள் செய்துகொள்கின்றன. நீ என் அனுமதிப்பத்திரத்தை ஏற்றால் நான் உன்னுடையதை ஏற்பேன் என்பதே ஏற்பாடு. அரசியல் மாறும்போது உடன்பாடும் மாறும். 2015 டிசம்பரில் வேர்ஜீனியாவின் சட்டமா அதிபர் மார்க் ஹெரிங், தமது மாநிலத்தின் தராதரத்துக்குக் குறைவாக இருப்பதாகக் கூறி 25 மாநிலங்களின் அனுமதிப்பத்திரங்களை இனி ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார். சில வாரங்களிலேயே ஆளுநர் டெரி மெக்கோலிஃப் எதிரணியோடு பேரம் பேசி அதைத் திரும்பப் பெற்றார். பதிலுக்குக் குடும்ப வன்முறை தொடர்பான நிரந்தரப் பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்டவர்கள் துப்பாக்கிகளைக் கைவிடவேண்டும் என்ற சட்டத்தைப் பெற்றுக்கொண்டார். அங்கீகாரம் என்பது ஒரு மாநிலத்தின் கையில் இருக்கும் பேரம்பேசும் பலம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. ஹட்சனின் சட்டமூலம் அந்தப் பலத்தைத்தான் முற்றாக எடுத்துவிடுகிறது.

சாரதி அனுமதிப்பத்திரம் போலவா?

சட்டமூலத்தை ஆதரிப்பவர்கள் வழமையாகச் சொல்லும் உதாரணம் சாரதி அனுமதிப்பத்திரம். டெக்சாஸில் பெற்றதைக் காட்டி நியூயோர்க்கில் வாகனம் ஓட்டலாம், துப்பாக்கிக்கு மட்டும் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால், எந்த மாநிலத்திலும் பரீட்சை இல்லாமல் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை. பார்வைச் சோதனை, எழுத்துப் பரீட்சை, ஓட்டிக் காட்டல் எல்லாமே எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பொதுத் தராதரம் இருப்பதால்தான் ஒன்றையொன்று நம்புகின்றன. துப்பாக்கி விடயத்தில் 29 மாநிலங்களில் பரீட்சையே இல்லை. அனுமதிப்பத்திரமே தேவைப்படாத மாநிலத்தில் வசிப்பவர், தனது புகைப்பட அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மறைத்த துப்பாக்கியோடு ஏனைய மாநிலங்களுக்குள் செல்லச் சட்டமூலம் இடமளிக்கிறது. அதாவது, 16 மணிநேரம் வகுப்பில் இருந்த நியூயோர்க்வாசிக்குப் பக்கத்தில், எந்தப் பயிற்சியும் பெறாத விருந்தாளி அதே உரிமையோடு நிற்பார்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. உட்டா, பிளோரிடா போன்ற மாநிலங்கள் தமது குடிமக்கள் அல்லாதோருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. தனது சொந்த மாநிலம் மறுத்த ஒருவர் இன்னொரு மாநிலத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள முடியும்.

ஆபத்து எங்கே என்பதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த சிறு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில மாநிலங்கள் தடுக்கின்றன. அத்தகைய ஒருவருக்குப் பயந்து, கடுமையான சட்டமுள்ள மாநிலத்துக்கு இடம்பெயர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தன்னைப் பாதுகாக்கும் என்று நம்பிச் சென்ற அந்த மாநிலத்தின் விதி, பின்தொடர்ந்து வரும் ஆளுக்கு முன்னால் பலமிழந்துவிடும்.

மத்திய அரசாங்கம் தலையிடவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. 2004 இல் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஒரு சட்டம், சேவையிலுள்ள பொலிஸாரும் ஓய்வுபெற்ற பொலிஸாரும் நாடு முழுவதும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கிறது. ஆனால், ஓய்வுபெற்றவர்கள் ஆண்டுதோறும் சுடும் தேர்ச்சியை நிரூபிக்கவேண்டும். ஐரோப்பாவிலும் வேட்டைக்காரர்களும் விளையாட்டு வீரர்களும் துப்பாக்கியோடு எல்லை கடப்பதற்கென ஒரு பொதுக் கடவுச்சீட்டு முறை 1991 முதல் உண்டு. அங்கும் துப்பாக்கி வாங்குவதற்கான பொதுவான குறைந்தபட்ச விதிகளை வகுத்த அதே சட்டத்தின் ஊடாகவே அந்த அங்கீகாரம் வந்தது. ஹட்சனின் சட்டமூலம் பயிற்சிக்கோ வயதுக்கோ தேசிய மட்டத்தில் எந்தக் குறைந்தபட்ச அளவும் வைக்கவில்லை. அளவுகோல் இல்லாமல் அங்கீகாரத்தை மட்டும் கட்டாயமாக்கினால், எல்லாவற்றிலும் தளர்வான சட்டமே நாட்டின் சட்டமாகிவிடும்.

வீதியில் நிற்கும் பொலிஸார்

சோதனைச்சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பகுதியை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு கடதாசி செல்லுமா செல்லாதா என்பதை அதை வைத்திருப்பவர் தீர்மானிப்பதில்லை. அதைக் கையில் வாங்கிப் பார்ப்பவரே தீர்மானிக்கிறார்.

இரவில் ஒரு காரை மறிக்கும் நியூ ஜேர்சிப் பொலிஸ்காரரின் முன் வேறொரு மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் நீட்டப்படுகிறது. அது போலியா, இரத்துச் செய்யப்பட்டதா என்று அந்த இடத்திலேயே உறுதிசெய்ய எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான ஒரு தரவுத்தளம் இல்லை. 2017 இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவத்தின்படி, தவறாகத் தடுத்து வைக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்து நட்டஈடும் கோரலாம். பொலிஸ் அதிபர்களின் சர்வதேசச் சங்கம் அன்று இதை எதிர்த்தது.

அதேவேளை, அனுமதிப்பத்திரம் எல்லோரையும் சமமாகப் பாதுகாப்பதும் இல்லை. 2016 ஜூலையில் மினசோட்டா மாநிலத்தில் 32 வயதான கறுப்பின இளைஞர் ஒருவரின் கார் மறிக்கப்பட்டது. பாடசாலை உணவகமொன்றில் மேற்பார்வையாளராக வேலை செய்தவர் அவர். சொந்த மாநிலத்தின் அனுமதிப்பத்திரமே அவரிடம் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பொலிஸாரிடம் மரியாதையாகச் சொன்னார். சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட பொலிஸ்காரர் அடுத்த ஆண்டு நடுவர் குழுவினால் விடுவிக்கப்பட்டார்.

அனுமதி யாருக்குக் கிடைத்தது?

ஆகவே, கடுமையான சட்டம் உள்ள மாநிலங்கள் எல்லாம் நல்லவை, மற்றவை எல்லாம் கெட்டவை என்று பிரித்துவிட முடியாது. யாருக்கு அனுமதி கொடுப்பது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1956 இல் அலபாமாவின் மொன்கொமரி நகரில் தனது வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பின்னர், மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கு அனுமதி கோரி விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. அந்த நாட்டில் அன்று அவரைவிட நியாயமான பயம் யாருக்கு இருந்திருக்க முடியும்? 1967 இல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் அமைப்பினர் வெளிப்படையாகத் துப்பாக்கியோடு பொலிஸாரைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, அதைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரேகன். பிற்காலத்தில் துப்பாக்கி உரிமையாளர்களின் நாயகனாகக் கொண்டாடப்பட்டவரும் அவரே.

2022 வழக்கில் நியூயோர்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் சட்டத்தரணிகள் சிலர், நியூயோர்க் சட்டத்துக்கு எதிராகவே நீதிமன்றில் கருத்துச் சமர்ப்பித்தனர். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தாம் பாதுகாக்கும் ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமே என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். பிலடெல்பியாத் தாயின் கதையும் இந்த வரிசையில் வருவதுதான்.

இந்த அநீதிக்குத் தீர்வு வேண்டும். தெரியாமல் எல்லை கடந்த, குற்றப் பின்னணி இல்லாத ஒருவரைக் கட்டாயச் சிறைத் தண்டனையில் இருந்து விலக்குவது ஒரு தீர்வு. வெளிமாநிலத்தவரும் உள்ளூர் விதிகளின்படி விண்ணப்பிக்க வழிசெய்வது இன்னொன்று. பயணத்தின்போது ரவை நீக்கிப் பூட்டிய துப்பாக்கியை மாநிலங்களுக்கு ஊடாகக் கொண்டுசெல்ல 1986 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் ஏற்கெனவே பாதுகாப்பு அளிக்கிறது. இவ்வளவு வழிகள் இருக்கும்போது, ஒரு தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டி ஐம்பது மாநிலங்களின் விதிகளையும் தளர்த்துவது நோய்க்கேற்ற மருந்தாகத் தெரியவில்லை.

துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்ற வாதமும் உண்டு. 1998 இல் ஜோன் லொட் எழுதிய நூல் அதைப் பிரபலமாக்கியது. 2004 இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுச் சபை, அந்த முடிவுக்கு வரப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பின்னர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் டொனஹூவும் சகாக்களும் செய்த ஆய்வு, துப்பாக்கி எடுத்துச் செல்வதை இலகுவாக்கிய மாநிலங்களில் பத்து ஆண்டுகளின் பின் வன்முறைக் குற்றங்கள் 13 முதல் 15 சதவீதம் வரை அதிகமாக இருந்ததாகக் கணித்தது. 2023 இல் அமெரிக்காவில் 46,728 பேர் துப்பாக்கியால் உயிரிழந்தனர். அவர்களில் சுமார் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

மாநில உரிமை யாருடைய கோஷம்?

மாநில உரிமை என்பது நீண்ட காலமாகக் குடியரசுக் கட்சியின் தாரக மந்திரம். 1997 இல், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும்படி உள்ளூர் பொலிஸாருக்கு மத்திய அரசாங்கம் கட்டளையிட முடியாது என்று உயர் நீதிமன்றம் 5 க்கு 4 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. பழமைவாதிகள் அதை மாநிலங்களின் வெற்றியாகக் கொண்டாடினர். இன்று அதே தரப்பு, மாநிலங்களின் துப்பாக்கி விதிகளை வொஷிங்டனில் இருந்து மீறச் சட்டம் கேட்கிறது. வழமையாக மத்திய அரசாங்கத்தின் கையைப் பலப்படுத்த விரும்பும் ஜனநாயகக் கட்சியினர் மாநில உரிமையைத் தூக்கிப் பிடிக்கின்றனர்.

இரு தரப்பையும் பார்த்துச் சிரிப்பது சுலபம். அதிகாரம் எந்த மட்டத்தில் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு அரசியல்வாதிகள் கொள்கையால் பதில் சொல்வதில்லை, எந்த மட்டத்தில் தமக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்கிறார்கள் என்பதுதான் இதில் தெரியும் உண்மை. அமெரிக்க மாநிலங்களுக்குச் சொந்தப் பொலிஸ், சொந்தச் சட்டமன்றம், சொந்த நீதிமன்றம் எல்லாம் உண்டு. அவற்றையே மத்தியில் உருவாகும் ஒரு பெரும்பான்மை பயனற்றதாக்கப் பார்க்கிறது. அதை இதுவரை தடுத்து வைத்திருப்பது செனட்டில் 60 வாக்குகள் தேவை என்ற நடைமுறை. 2009 இல் இதுபோன்ற ஒரு திருத்தம் 58 வாக்குகளும் 2013 இல் 57 வாக்குகளும் பெற்றுத் தோற்றது. 2025 இல் பதவியேற்ற செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 ஆசனங்கள்.

எமது நாட்டில் 1987 இன் 13 ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது. இன்றுவரை எந்த மாகாணத்துக்கும் அது நடைமுறையில் கிடைக்கவில்லை. எழுதப்பட்டது கிடைக்காமல் இருப்பது எமது அனுபவம். கிடைத்ததும் பறிபோகலாம் என்பது அமெரிக்க மாநிலங்களின் இன்றைய பயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சமஷ்டி என்ற சொல்லை மட்டும் பெற்றுக்கொள்வது போதாது என்பது புரியும். மத்தி தன்னிச்சையாகக் கை வைக்க முடியாதபடி அதற்குப் பூட்டு எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் கேட்கப்படவேண்டும்.

அதேவேளை, மாநிலத்தின் அதிகாரம் எப்போதும் சிறுபான்மைக்குச் சாதகமானது என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்தது மாநில உரிமையின் பெயரால்தான். 1964 இல் சிவில் உரிமைச் சட்டத்தின் மூலம் மத்திய அரசாங்கம் அதை உடைக்கவேண்டியிருந்தது. எனவே, ஒரு நியாயமான அளவுகோல் இப்படி இருக்கலாம்: மக்களைப் பாதுகாக்கும் ஆகக்குறைந்த மட்டத்தை மத்தி நிர்ணயிக்கட்டும். அதற்கு மேலாகத் தமது மக்களைப் பாதுகாக்க விரும்பும் பிரதேசத்தின் கையை அது பிடித்து இழுக்கக்கூடாது. துப்பாக்கி வைத்திருப்பதே தமது பாதுகாப்பின் ஆகக்குறைந்த மட்டம் என்று ஹட்சனின் ஆதரவாளர்கள் பதில் சொல்வார்கள். அமெரிக்காவின் சண்டை உண்மையில் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

எமக்கு அந்தச் சண்டை அந்நியமானது அல்ல. இராணுவம், ஊர்காவல் படை, இயக்கங்கள், துணை ஆயுதக் குழுக்கள் என்று பலர் பல அனுமதிகளோடு துப்பாக்கி ஏந்தி எமது வீதிகளில் நடந்திருக்கிறார்கள். எல்லோரும் பாதுகாப்புக்கு என்றே சொன்னார்கள். அந்த அனுமதியை வழங்கியவர் யார், அதில் எமது சம்மதம் கேட்கப்பட்டதா என்ற கேள்வியை அன்று எம்மால் சத்தமாகக் கேட்க முடியவில்லை. நியூ ஜேர்சியிலும் நியூயோர்க்கிலும் எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு வேலை செய்யும் எமது உறவுகளுக்கு இன்று அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சட்டமன்றமும் ஒரு வாக்கும் இருக்கிறது. கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருபவரின் உடைக்குள் என்ன இருக்கலாம் என்பதை அவர்கள் வாழும் மாநிலம் தீர்மானிக்குமா, அவர்கள் ஒருபோதும் போயிராத இன்னொரு மாநிலம் தீர்மானிக்குமா என்பதே செனட்டின் முன்னுள்ள விடயம்.